ஃபார்ம், ரான்ச் லோன் பார்க்க எப்படிக் கத்துக்கிறது? நெப்ராஸ்கா சின்ன ஊர் பேங்க்ல இருக்கேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

மணல்மேடு
வணக்கம் எல்லாருக்கும். நெப்ராஸ்கா மேற்குப் பக்கம் ஒரு சின்ன கம்யூனிட்டி பேங்க்ல கிரெடிட் அனலிஸ்ட்டா இருக்கேன். இதுக்கு முன்னாடி சிட்டில கமர்ஷியல் லோன்தான் பார்த்தேன், ஹோட்டல், குடோன், ஆபீஸ் பில்டிங் இந்த மாதிரி. இங்க எந்த ஃபைலைத் திறந்தாலும் மக்காச்சோளம், மாடு, புல்வெளி. சீனியர் லோன் ஆபீசர் சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போறார், அவர் பார்க்கிற விவசாயிங்க அக்கவுண்ட்ல ஒரு பகுதி எனக்கு வரும்னு சொல்லிட்டாங்க.

என் குழப்பம் என்னன்னா, மூணு வருஷ டாக்ஸ் ரிட்டர்ன் எடுத்து வெச்சுப் பார்த்தா ஷெட்யூல் எஃப்ல (ரிட்டர்ன்ல பண்ணை வரவு செலவைக் காட்டுற ஃபாரம்) நிறைய பேர் நஷ்டம் காட்டியிருக்காங்க, ஆனா அதே ஆளுங்க தவணையை ஒழுங்கா கட்டுறாங்க, பக்கத்து நிலத்தையும் வாங்குறாங்க. இன்னொருத்தர் நல்ல லாபம் காட்டியிருக்கார், அவர் ஃபைல் மேலதான் சீனியருக்குக் கவலை. கேட்டா "ரான்ச்சுக்குப் போய்ப் பாரு"ங்கிறார், அவ்வளவுதான். போய் எதைப் பார்க்கணும்னே தெரியல. பேங்கருங்களுக்குன்னு நடத்துற ஸ்கூல்ல சேர்ந்தா போதுமா, இல்ல வேற எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

வரப்பு
முதல்ல ஷெட்யூல் எஃப் குழப்பத்தை முடிச்சுடலாம், கமர்ஷியல்லேருந்து வர்ற எல்லாரும் இங்கதான் மாட்டுறாங்க. அந்த ஃபாரம் பெரும்பாலும் கேஷ் பேசிஸ். பணம் கைக்கு வந்தாதான் வருமானம், கையை விட்டுப் போனாதான் செலவு. டிசம்பர்ல விவசாயி என்ன பண்ணுவார்? அடுத்த வருஷ விதை, உரத்துக்கு இப்பவே காசு கட்டிடுவார், ஒரு டிராக்டர் வாங்கி டிப்ரிசியேஷன் (தேய்மானச் செலவு) எடுப்பார், அறுத்த சோளத்தை விக்காம குதிர்லயே வெச்சு ஜனவரில வித்துப்பார். எல்லாமே சட்டப்படி சரி. ஆனா அந்த வருஷம் அவர் சம்பாதிச்சாரா இல்லையான்னு அந்தப் பேப்பர் சொல்லாது.

ஒரு கணக்கு போடுவோம். ஷெட்யூல் எஃப்ல 20,000 டாலர் நஷ்டம்னு வெச்சுக்குங்க. வருஷ ஆரம்பத்துல குதிர்ல இருந்த தானியம் 2,00,000, வருஷக் கடைசில 3,50,000. முன்கூட்டியே கட்டின உரம், விதை போன வருஷத்தை விட 40,000 கூட. கடைக்காரங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 30,000 ஏறியிருக்கு. இப்போ மைனஸ் 20,000 கூட 1,50,000 சேர்த்து, 40,000 சேர்த்து, 30,000 கழிச்சா 1,40,000 டாலர் லாபம்! அதே ஆள் அடுத்த வருஷம் ரெண்டு வருஷ விளைச்சலையும் சேர்த்து வித்தா பேப்பர்ல பிரமாதமா இருக்கும், குதிர் காலியா கிடக்கும். உங்க சீனியர் கவலைப்படுற ஆள் ஒருவேளை இந்த ரகமா இருக்கலாம்.

அதனால டிசம்பர் 31 தேதி போட்ட பேலன்ஸ் ஷீட் (சொத்து, கடன் பட்டியல்) வருஷா வருஷம் வாங்கணும். மார்ச்ல ஒண்ணு, அடுத்த வருஷம் நவம்பர்ல ஒண்ணுன்னு வாங்கினா இந்தக் கணக்கைப் போடவே முடியாது. என்னைக் கேட்டா இந்த வேலைல முதல் பாடமே இந்தத் தேதிதான்.

மேய்ச்சல்காரி
வரப்பு அண்ணா சொன்னது பயிருக்கு அப்படியே பொருந்தும். மாட்டுல இன்னும் ரெண்டு சிக்கல் உண்டு தம்பி. நான் டெக்சஸ் பேன்ஹேண்டில்ல ரான்ச் லோன் பார்க்கிறேன், தினமும் இதே வேலைதான்.

ஒண்ணு, ரான்ச்லயே பிறந்து வளர்ந்த தாய்ப்பசுவை வித்தா அந்தப் பணம் ஷெட்யூல் எஃப்ல வராது, ஃபாரம் 4797ல (தொழில் சொத்தை வித்தா காட்டுற ஃபாரம்) வரும். ரிட்டர்ன்ல அந்தப் பக்கத்தைப் புரட்டாம விட்டா பாதி கதை போச்சு. ரெண்டாவது, அந்தப் பணத்தை வருமானம்னு எடுத்துக்கிறதா வேண்டாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். வயசான பசுவைக் கழிச்சுட்டு அதுக்குப் பதிலா கிடேரியை மந்தைல சேர்த்திருந்தா அது வழக்கமான வரவு. புல் காய்ஞ்சு போய் மந்தைல மூணுல ஒரு பங்கை வித்திருந்தா, அந்த வருஷம் கடன் எல்லாம் அடைஞ்சு ஃபைல் பார்க்க அழகா இருக்கும், அடுத்த வருஷம் கன்னு போட மாடு இருக்காது. 2011ல டெக்சஸ் வறட்சில மந்தையைக் குறைச்ச ரான்ச்சுங்க திரும்பக் கட்டி எழுப்ப எத்தனை வருஷம் ஆச்சுன்னு இங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கிடேரி முதல் கன்னு போடவே ரெண்டு வயசு ஆகும், அந்தக் கன்னு விக்கிற எடைக்கு வர இன்னும் ஏழெட்டு மாசம், அதனால மாடு வாங்கக் கொடுத்த லோனுக்கு முதல் தவணை எப்ப வைக்கணும்னு மாட்டைத்தான் கேக்கணும், பேங்க் காலண்டரைப் பார்த்து வெச்சா விவசாயி கன்னை எடை வர்றதுக்கு முன்னாடியே விக்க வேண்டி வரும்.

"போய் எதைப் பார்க்கணும்"னு கேட்டீங்கல்ல. மாட்டை எண்ணுங்க, லோன் பேப்பர்ல இருக்கிற எண்ணிக்கையோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. முதுகு, விலா, வாலடி பார்த்து உடம்பு எப்படின்னு மார்க் போடுவாங்க, 1லேருந்து 9 வரைக்கும், 5 பக்கம் இருந்தா நல்லது. அதுக்குக் கீழ இருந்தா அடுத்த சினை நிக்கிறது சந்தேகம். இலையுதிர்காலத்துல சினை பார்க்கிற அன்னிக்குப் போய் நில்லுங்க, எத்தனை பசு வெறும் வயித்தோட வருதுன்னு கண்ணால பார்க்கலாம். புல்லையும் பாருங்க, எவ்வளவு மிச்சம் விட்டிருக்கார், தண்ணித் தொட்டி ஓடுதா, வேலி நிக்குதா. மாடு குண்டா இருந்து புல் தரையோட தரையா இருந்தா அவர் அடுத்த வருஷப் புல்லை இந்த வருஷம் தின்ன வெச்சுட்டார்னு அர்த்தம்.

அப்புறம் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஒரு பசுவை ஒரு வருஷம் வெச்சுக்க உங்களுக்கு எவ்வளவு ஆகுது? 1,000 டாலர்னு சொன்னா, நூறு பசுவுக்குத் தொண்ணூறு கன்னு, கன்னு 550 பவுண்டுன்னா, பசுவுக்கு 495 பவுண்டு. பவுண்டுக்கு 2 டாலர் 2 சென்ட் வந்தாதான் கட்டுபடி. இந்த நம்பர் நாக்கு நுனில இருக்கிற ரான்ச்சருக்கு லோன் கொடுக்க எனக்குப் பயமே இல்ல.

பழையஃபைல்
நான் லோன் ரிவ்யூ பக்கம், கொடுத்த லோன் ஃபைலைத் திரும்பச் சரிபார்க்கிற வேலை. மேடம் சொன்னதுல எனக்கு ஒரு மாற்றமும் இல்ல, ஆனா இப்ப மாட்டு விலை இருக்கிற இருப்புக்கு இன்னொண்ணும் சொல்லணும். 2025 ஜனவரி கணக்கெடுப்புல அமெரிக்கால மொத்த மாடு 8.67 கோடி, 1951க்கு அப்புறம் அதுவரைக்கும் அவ்வளவு குறைச்சலா இருந்ததில்ல. விலை ஏறினதால எல்லார் பேலன்ஸ் ஷீட்டும் தானா கொழுத்துப் போச்சு. நிலத்துக்கும் அதே கதை. கொலாட்டரல் (கடனுக்கு ஈடா வெச்ச சொத்து) இவ்வளவு இருக்கே, கொடுத்தா என்னங்கிற பேச்சு இப்பத்தான் ஜாஸ்தி வரும்.

80கள்ல என்ன நடந்துச்சுன்னு கட்டாயம் படிங்க. 70கள்ல ஏற்றுமதி பெருகி, நிலம் ஏற ஏற அதையே அடமானம் வெச்சு இன்னும் நிலம் வாங்கினாங்க. அப்புறம் வட்டி ஏறிச்சு, 1980 டிசம்பர்ல பிரைம் ரேட் (பேங்க் தன் நல்ல கஸ்டமருக்கு வைக்கிற வட்டி) 21.5 சதவீதம் வரைக்கும் போச்சு. அயோவால சராசரி ஏக்கர் 1981ல 2,147 டாலர், 1986ல 787 டாலர். கொலாட்டரலை மட்டும் நம்பிக் கொடுத்த பேங்க் எத்தனையோ மூடிட்டாங்க, குடும்பங்க நிலத்தை விட்டுப் போனாங்க, தற்கொலைகள் நடந்துச்சு. விவசாயிங்களுக்குன்னே தனி திவால் சட்டம், சாப்டர் 12, 1986ல வந்தது இதனாலதான். கடன் எதுலேருந்து திரும்ப வரும், விளைச்சல்லேருந்தா இல்ல நிலத்தை வித்தாங்கிற கேள்வியை முதல்ல கேக்கணும்னு அந்த வருஷங்கதான் இந்த ஊர் பேங்கருங்களுக்குக் கத்துக் கொடுத்துச்சு.

ரிவ்யூல நான் முதல்ல தேடுறது கேரி ஓவர், அதாவது அடையாம அடுத்த வருஷத்துக்குப் போற பாக்கி. வசந்தத்துல எடுத்த ஆப்பரேட்டிங் லைன் (அந்த வருஷச் செலவுக்கான கடன்) அறுவடை வித்ததும் முழுசா அடைஞ்சதா? அடையலன்னா மிச்சத்தை என்ன பண்ணாங்க? நிலத்து மேல 20 வருஷ லோனா மாத்திட்டு புது லைன் கொடுத்திருந்தா அது ஒரு தடவை பரவாயில்ல, காரணம் வறட்சியோ ஆலங்கட்டியோ இருக்கலாம். அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவைன்னா உட்கார்ந்து பேசணும், அப்பவே பேசுறதுதான் அந்தக் குடும்பத்துக்கும் நல்லது, வழி மிச்சம் இருக்கிறப்ப பேசினாதான் எதையாவது காப்பாத்த முடியும்.

மணல்மேடு
இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. அக்கா, மாட்டு மேல லியன் (பேங்கோட அடமான உரிமை) விஷயம் கொஞ்சம் சொல்லுங்க. நடமாடுற பொருளை எப்படிப் பிடிச்சு வைக்கிறது? சிட்டில யுசிசி (அந்த உரிமையை மாநிலத்துல பதியிற பேப்பர்) ஃபைல் பண்ணா வேலை முடிஞ்சுது.

மேய்ச்சல்காரி
அது மட்டும் இங்க போதாது. 1985 ஃபுட் செக்யூரிட்டி ஆக்ட்னு ஒண்ணு இருக்கு. உங்க விவசாயி மாட்டையோ சோளத்தையோ வித்துட்டா, வாங்கினவருக்கு அந்தச் சட்டப்படி தகவல் போயிருந்தாதான் உங்க லியன் அவர் மேல நிக்கும். நெப்ராஸ்கால மாநிலமே ஒரு சென்ட்ரல் பட்டியல் வெச்சிருக்கு, அதுல தனியா பதியணும். பக்கத்துல கன்சாஸ்ல அப்படி இல்ல, வாங்கக் கூடியவங்க யார் யார்னு விவசாயிகிட்ட லிஸ்ட் வாங்கி பேங்க்தான் நேரா நோட்டீஸ் அனுப்பணும். பார்டர்கிட்ட இருக்கிறவங்க மாட்டை ரெண்டு பக்கமும் ஓட்டிட்டுப் போய் விப்பாங்க, அதனால ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். உங்க மேற்குப் பக்கத்துல மாட்டுக்குப் போட்ட சூட்டுக்குறியை இன்ஸ்பெக்ஷன் பண்றாங்க, அந்தக் குறி யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு பாருங்க, அப்பா பேர்ல இருந்துட்டு மகன் லோன் கேப்பார். ஏலத்துல கொடுக்கிற செக்ல பேங்க் பேரும் சேர்ந்து வருதான்னும் பாருங்க.

வரப்பு
நிலத்துக்கும் ஒண்ணு. நெப்ராஸ்கால கிணத்துத் தண்ணியை நேச்சுரல் ரிசோர்ஸ் டிஸ்ட்ரிக்ட்னு உள்ளூர் அமைப்புதான் பார்த்துக்குது. வயல்ல பிவட் (சுத்தி வந்து தண்ணி தெளிக்கிற மெஷின்) நிக்கிறதை வெச்சு அது பாசன நிலம்னு முடிவு பண்ணாதீங்க, எத்தனை ஏக்கருக்குப் பாசனம்னு சர்டிஃபை ஆகியிருக்குன்னு டிஸ்ட்ரிக்ட்ல கேளுங்க. மானாவாரிக்கும் பாசனத்துக்கும் விலை வித்தியாசம் சின்னது இல்ல.

பனிக்காடு
ஸ்கூல் பத்தி யாரும் சொல்லல. கண்டிப்பா போங்க. அயோவா பேங்கர்ஸ் அசோசியேஷன் ஏம்ஸ்ல ஒரு அக்ரிகல்ச்சுரல் கிரெடிட் ஸ்கூல் நடத்துறாங்க. ஒரு குடும்பத்தோட கணக்கு முழுசையும் கையில கொடுத்து நீங்களே முடிவெடுத்து வாதாடுங்கன்னு வைக்கிற கேஸ்தான் இந்த மாதிரி வகுப்புல பிரயோஜனம், லெக்சரை வீட்டுலயே படிச்சுக்கலாம். மின்னசோட்டா யூனிவர்சிட்டியோட ஃபின்பேக் சாஃப்ட்வேர் உங்க பேங்க்ல இருக்கான்னு பாருங்க, வரப்பு போட்ட கணக்கை அது தானா போடும், ஆனா ரெண்டு மூணு ஃபைலைப் பேப்பர்ல கையால போட்டுப் பழகிட்டு அதுகிட்ட போங்க. அதே யூனிவர்சிட்டியோட ஃபின்பின்ல மத்த பண்ணைங்களோட செலவு விவரம் இலவசமா கிடைக்கும், உங்க விவசாயி உரத்துக்கு அதிகமா செலவு பண்றாரான்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஃப்எஸ்ஏ (அமெரிக்க விவசாயத் துறையோட ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி) ஆபீஸ்ல லோன் பார்க்கிறவரையும் அறிமுகம் பண்ணிக்குங்க. புதுசா ஆரம்பிக்கிற சின்னப் பசங்களுக்கு உங்க பேங்க் தயங்கினா, எஃப்எஸ்ஏ கேரன்டி வழக்கமா லோன் நஷ்டத்துல 90 சதவீதம் வரைக்கும் தாங்கும். அந்தப் பசங்களை விட்டுட்டா அடுத்த தலைமுறைல யாருக்கு லோன் கொடுக்கப் போறோம்?

ஆனா ஸ்கூலை விடப் பெரிசு உங்க சீனியர். அவர் கிளம்பறதுக்குள்ள அவரோட வண்டில ஏறிடுங்க.

பழையஃபைல்
ஆமா, அதுவும் இந்தக் குளிர்காலத்துலயே. டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்தான் ரின்யூவல் (லோனைப் புதுப்பிக்கிற நேரம்), அந்த மூணு நாலு மாசம் அவர் விவசாயிங்களோட பேசுறப்ப பக்கத்துல உட்காருங்க. மக்காச்சோளப் பயிர் இன்ஷூரன்ஸ் எடுக்க உங்க ஊர்ல மார்ச் 15 கடைசி. அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஃபைல்லயும் எத்தனை சதவீதம் கவரேஜ், இழப்பீடு பேங்குக்கு வர்ற மாதிரி எழுதி அசைன் ஆகியிருக்கான்னு ஒரு தாள்ல எழுதி வெச்சு அவர்கிட்ட காட்டுங்க, மத்ததை அவரே சொல்ல ஆரம்பிப்பார்.