நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்: கலப்படத்தை எந்தச் சோதனை காட்டும், எது காட்டாது?

கல்லடிக் கடை
நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் 20 லீற்றர் கலனில் எடுத்து, போத்தலில் அடைத்து விற்கிறேன். இரண்டுமே செக்கில ஆட்டினது என்றுதான் தருகிறார்கள். ஒரு இரவு பிரிஜ்ஜில் வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் கல்லு மாதிரி உறைந்துவிட்டது. நல்லெண்ணெயில் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து நிற்கிறது. அப்படியென்றால் முதலாவது சுத்தம், இரண்டாவது கலப்படம் என்று எடுக்கலாமா? கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்ப முதல் கடையிலேயே பார்க்கக்கூடியது என்னென்ன?

செங்கலடிச் செக்கு
தம்பி, போத்தலைத் திறக்க முதல் விலையைக் கணக்குப் பாருங்க. நல்ல எள்ளில் பாதிக்குக் கிட்ட எண்ணெய் இருக்கும். ஆனால் செக்கில் முழுக்க இறங்காது, மிச்சம் பிண்ணாக்கோட போயிரும். 100 கிலோ எள்ளுக்கு 36 தொடக்கம் 40 கிலோ எண்ணெய் என்று வையுங்க. ஒரு லீற்றர் நல்லெண்ணெயின் நிறை ஏறத்தாழ 920 கிராம். அப்போ லீற்றருக்கு 2.3 தொடக்கம் 2.6 கிலோ எள்ளு வேணும். அன்றைய எள்ளு விலையால் பெருக்கி, பிண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்க. ஆட்டுக்கூலி சேர்க்காத அந்தத் தொகைக்கே ஒருத்தர் எண்ணெய் தாறார் என்றால் சோதனையே தேவையில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் இப்படித்தான், லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ கொப்பறா பிடிக்கும்.

அடியில் நிற்கிற வெள்ளையை வைத்து மட்டும் ஆரையும் கள்ளன் என்று சொல்லிராதீங்க. செக்கெண்ணெயை நாலைஞ்சு நாள் தெளிய விடாமல் ஊற்றினால் எள்ளுத் தோலும் மண்டியும் இறங்கத்தான் செய்யும். எள்ளு வடிவாகக் காயாமல் ஆட்டினாலும், ஆட்டேக்க தண்ணி கூடத் தெளித்தாலும் எண்ணெய் கலங்கலாகவே கிடக்கும்.

அக்கரைப்பற்று சோதனைக்குழாய்
செங்கலடியார் சொன்ன கணக்குத்தான் முதல் சல்லடை. பிரிஜ் விசயத்தில் நீங்கள் எடுத்த முடிவு இரண்டு பக்கமும் பிழையாகலாம்.

தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையிலேயே உறையத் தொடங்கும். அதில் கலக்க வசதியானது பாம் ஒலியின், அதாவது முள்ளுத்தேங்காய் எண்ணெயின் திரவப் பகுதி. அதுவும் 10 பாகைக்குக் கீழே கலங்கி இறுகும். பிரிஜ்ஜின் உள்ளே 4, 5 பாகை. அந்தக் குளிரில் இரண்டும் சேர்ந்தே உறையும்போது எதைப் பிரித்துப் பார்ப்பது? தேங்காய் எண்ணெய்க்கு வாளியில் தண்ணீர் எடுத்து, ஐஸ் போட்டு 20 பாகையில் பிடித்து வையுங்கள். போத்தலை அதில் 4 மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். சுத்தமானது முழுவதும் வெள்ளையாக இறுகும். ஒலியின் கணிசமாகக் கலந்திருந்தால் சேறு போல நிற்கும், மேலே மஞ்சள் திரவம் கசியும். சிறிய பங்கு கலந்தால் இதிலும் அகப்படாது.

நல்லெண்ணெய்க்கு அதே பிரிஜ் பயன்படும். 5 பாகையில் ஒரு நாள் கிடந்தாலும் அது திரவமாகவே நிற்கும். பாம் ஒலியின் சேர்ந்திருந்தால் பஞ்சு போல வெள்ளைத் திரள் வரும். மண்டியா ஒலியினா என்று அறிய, போத்தலை வெளியில் எடுத்து 35 பாகை வெந்நீரில் வையுங்கள். கரைந்து மறைந்தால் கொழுப்பு, மறையாமல் அடியிலேயே கிடந்தால் மண்டி. இதைச் செய்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

அடுத்தது போடுவான் (Baudouin) சோதனை, எள்ளெண்ணெய் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டுவது. 5 மில்லிலீற்றர் எண்ணெய், 5 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம், அற்ககோலில் கரைத்த 2 சதவீத பர்பியூரல் 0.4 மில்லிலீற்றர். மூடி 2 நிமிடம் பலமாகக் குலுக்கி நிறுத்தினால், எள் இருந்தால் கீழே அமிலப் படை இளஞ்சிவப்பிலிருந்து சிவப்பாகும். எள்ளிலுள்ள செசமொலின், அமிலத்தில் செசமோலாக உடைவதால் வரும் நிறம் அது. இதற்குப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் கட்டாயம். ஒன்றில் சூரியகாந்தி எண்ணெயும் அதே மருந்துகளும், ஏனென்றால் பர்பியூரல் தானாகவே அமிலத்தோடு இலேசான ஊதா காட்டும். மற்றதில் உங்கள் எண்ணெயும் அமிலமும் மட்டும், பர்பியூரல் இல்லாமல். அதுவும் சிவந்தால் சாயம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இது: சிவப்பு வந்தால் எள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். வேறு எண்ணெய் இல்லை என்று அது சொல்லாது. கால்வாசி நல்லெண்ணெயும் முக்கால்வாசி சூரியகாந்தியும் கலந்தாலும் சிவக்கும். உங்கள் கண் முன்னால் ஆட்டிய எண்ணெயை 100, 75, 50, 25 என்று சூரியகாந்தியில் கலந்து நாலு குழாய் வைத்து ஒப்பிட்டால் ஒரு மட்டு மட்டான அளவு கிடைக்கும். எள்ளின் இனத்துக்கு இனம் செசமொலின் மாறுவதால் அதற்கு மேல் நம்ப வேண்டாம். அமில ஆவி பொல்லாதது, பர்பியூரல் தோலாலும் உள்ளே போகும். கடைக்குள் செய்யாதீர்கள். கையுறை, கண்ணாடி போட்டு வெளியில், அல்லது இரசாயனம் படிப்பிக்கிற ஒருவரோடு செய்யுங்கள்.

கல்லடிக் கடை
வெந்நீரில் வைத்தேன் நானா, முக்கால்வாசி கரைந்துவிட்டது, அடியில் கொஞ்சம் மண்டி மட்டும் மிச்சம். அப்போ இரண்டும் இருக்குப் போல. இன்னொன்று, தேன் விற்கிற ஒருவரிடம் கண்ணில் வைத்துச் சீனி அளவு பார்க்கிற பிரிக்ஸ் கருவி இருக்கிறது. அது எண்ணெய்க்குச் சரிவருமா?

அக்கரைப்பற்று சோதனைக்குழாய்
58 தொடக்கம் 90 வரை அளவுகோல் உள்ள தேன் கருவி என்றால் அருமையாகச் சரிவரும். எண்ணெய்களின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. நம்மூர் வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 65, பாம் ஒலியின் 69, நல்லெண்ணெய் 72, 73 காட்டும். கருவியில் உள்ள வெப்பத் திருத்தம் சீனிக் கரைசலுக்கானது, எண்ணெய்க்குப் பொருந்தாது. ஆகவே இலக்கத்தை நம்பாமல், தெரிந்த சுத்த எண்ணெயையும் உங்கள் எண்ணெயையும் ஒரே மேசையில் ஒரு மணித்தியாலம் வைத்து, அடுத்தடுத்துப் பாருங்கள். இடையில் கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். தேங்காய் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஒலியின் இருந்தால் கிட்டத்தட்ட 0.8 ஏறும், அது கண்ணுக்குத் தெரியும். பத்தில் ஒன்று என்றால் சந்தேகத்தோடு நிற்கும்.

இரண்டு இடத்தில் இந்தக் கருவி குருடு. முள்ளுத்தேங்காய்ப் பருப்பு எண்ணெய் தேங்காய் எண்ணெயோடு ஒத்துப்போகும். சூரியகாந்தி நல்லெண்ணெயோடு ஒத்துப்போகும். முதலாவதற்கு ஆய்வுகூடத்தில் அயடீன் பெறுமானம், அதாவது எண்ணெய் எவ்வளவு அயடீனைப் பிடிக்கும் என்ற அளவு, பார்க்க வேண்டும்: தேங்காய் எண்ணெய்க்கு 6.3 தொடக்கம் 10.6, பருப்பெண்ணெய்க்கு 14 தொடக்கம் 21, ஒலியினுக்கு 56க்கு மேல். 8 உள்ள தேங்காய் எண்ணெயில் 10 சதவீதம் ஒலியின் போட்டாலே 13க்குக் கிட்டப் போய் எல்லை தாண்டிவிடும். நல்லெண்ணெயில் அப்படித் தப்பாமல் பிடிக்க முடியாது. அதன் எல்லை 104 தொடக்கம் 120. ஒலியினால் இறங்குவதைச் சூரியகாந்தியால் ஏற்றிச் சமன் செய்துவிடலாம். அங்கே கொழுப்பமிலங்களைப் பிரித்துக் காட்டும் காஸ் குரோமடோகிராபிதான் வழி. சோயா சேர்ந்திருந்தால் லினோலெனிக் அமிலம் காட்டிக்கொடுக்கும். நல்லெண்ணெயில் அது அரைச் சதவீதம்கூட வராது, சோயாவில் 4.5க்குக் குறையாது.

கல்முனைக் குடியான்
விளக்குக்கென்று விற்கிற எண்ணெய்க்கு இன்னொரு சோதனையும் போடுங்கள், கனிய எண்ணெய் கலந்திருக்கா என்று. 1 மில்லிலீற்றர் எண்ணெயை, அற்ககோலில் கரைத்த 0.5 நோர்மல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 25 மில்லிலீற்றரோடு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து, ஆவி திரும்ப இறங்குகிற நீளக் குழாய் பொருத்தித் தெளியும்வரை காய்ச்சுங்கள். காய்ச்சி வடித்த சுடுநீர் 25 மில்லிலீற்றர் ஊற்றினால் தாவர எண்ணெய் தெளிவாக நிற்கும். கலங்கினால் கனிய எண்ணெய் போலச் சவர்க்காரமாகாத பொருள் உள்ளே இருக்கு. அற்ககோல் தீப்பிடிக்கும், நேரடி நெருப்பில் வைக்க வேண்டாம்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது கலனின் மேலிருந்து வார்த்து எடுக்காதீர்கள். கலனை உருட்டிக் கலக்கி, காய்ந்த மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, கொள்வனவுத் திகதியும் பற்றுச்சீட்டு இலக்கமும் எழுதி ஒட்டுங்கள். அதே கலனில் இருந்து இன்னொரு போத்தல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். ஆனால் நீங்களாக எடுத்த மாதிரி உங்கள் அறிவுக்கு மட்டும். தந்தவர்மேல் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி நடவடிக்கை வேண்டுமென்றால், உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அவர் கையால் மாதிரி எடுக்க வையுங்கள். அதுவரை அந்தக் கலனில் மிச்சம் இருப்பதைப் போத்தலில் அடைக்க வேண்டாம்.