நடுநிலை என்றால் நியாயமா, ஒதுங்கி நிற்பதா?

பரிதி:
பாரபட்சம் பார்க்காதவரைப் பாராட்ட எல்லோரும் எடுக்கும் சொல் 'நடுநிலை'. எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒருவன் அடிக்கிறான், இன்னொருவன் அடி வாங்குகிறான். 'நான் நடுநிலை' என்று கைகட்டி நிற்பவரை எப்படிப் பாராட்டுவது? 'நியாயம்' என்ற சொல்லே போதும்.

கயல்விழி:
அது ஒதுங்கி நிற்பது, பரிதி. குறளில் 12ஆம் அதிகாரமே 'நடுவு நிலைமை'. அதில் 118ஆம் குறள் தராசைக் காட்டி 'ஒருபால் கோடாமை', அதாவது ஒரு பக்கம் சாயாமை, சான்றோர்க்கு அணி என்கிறது. அந்தத் தராசைக் கவனியுங்கள். முதலில் 'சமன்செய்து': தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் நேராக நிற்க வேண்டும். அப்புறம் 'சீர்தூக்கும்': பொருளை வைத்ததும் கனமான பக்கம் இறங்கியே ஆக வேண்டும். பரிமேலழகரும் இப்படி முன், பின் என்று பிரித்துத்தான் உரை சொல்கிறார். எதை வைத்தாலும் அசையாத தராசு பழுதான தராசு. அடித்தவன்மேல்தான் தப்பு என்று வாய்திறந்து சொல்வதே நடுநிலை.

பரிதி:
குறளுக்குச் சரி. இன்றைய புழக்கம் அப்படியா இருக்கிறது? பூமி சூடாவதை அளந்து சொல்பவருக்கும், அளக்காமலே மறுப்பவருக்கும் சம நேரம் கொடுத்துவிட்டு அதை நடுநிலை என்கிறார்கள்.

மணிமாறன்:
கிரிக்கெட்டைப் பாருங்கள். டெஸ்ட் ஆட்டங்களில் 1994 முதல் ஒரு நடுவர் வேறு நாட்டவர், 2002 முதல் இருவருமே வேறு நாட்டவர் என்று விதி வந்தது. அதற்காக அந்த நடுவர் அவுட் கொடுக்காமல் இருந்தாரா? தீர்ப்பு நியாயமாக இருக்க வேண்டும், அதைச் சொல்பவர் நடுநிலையில் இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகிவிடாது.

கயல்விழி:
சட்டத்தில் இயற்கை நீதி என்பதும் இதுதான். தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டுமே தீர்ப்புக்கு முன்னால் இருக்க வேண்டியவை.

பரிதி:
நீதிபதிக்கும் நடுவருக்கும் ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை பார்ப்பவருக்கு அந்தச் சொல்லைத் தர மாட்டேன்.

கயல்விழி:
நானும் தரவில்லையே. தவறாக எடுப்பவர்களிடம் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் நகர வேண்டும்? உங்கள் 'நியாயம்' மட்டும் தப்பியதா? 'என் பக்க நியாயம்' என்று யாரும் சொல்லிவிடலாம். 'என் பக்க நடுநிலை' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது.