டி.எம். பிளாண்ட் ரெசினில் வழவழப்பு, பாசி வாடை: பிளீச்சிங் பவுடர் போடலாமா?

மணலி_யுடிலிட்டி:
2 கன மீட்டர்/மணி டி.எம். பிளாண்ட் (தண்ணீரிலுள்ள உப்பை ரெசின் மணிகளால் நீக்குவது). கார்பன் ஃபில்டர், கேட்டயான் 150 லிட்டர், ஆனயான் 180 லிட்டர் (டைப் 1), கடைசியில் மிக்ஸட் பெட் (இரண்டு ரெசினும் கலந்தது) 40 லிட்டர். எல்லாம் எஃப்.ஆர்.பி. (ஃபைபர் பிளாஸ்டிக்) வெசல். ரீஜெனரேஷன் (தீர்ந்த ரெசினைப் புதுப்பிப்பது) கேட்டயானுக்கு எச்.சி.எல்., ஆனயானுக்கு காஸ்டிக். முன்பு போர் தண்ணீர், தினமும் ரீஜெனரேஷன். இப்போது கொடுங்கையூர் டி.டி.ஆர்.ஓ. லைன் தண்ணீர் (கழிவுநீரைச் சுத்திகரித்து ஆர்.ஓ. செய்தது), ஒன்பது பத்து நாளுக்கு ஒரு தடவைதான். கண்டக்டிவிட்டி (உப்பு அளவைக் காட்டுவது) நன்றாக இருக்கிறது. ஆனால் ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலை ஓட்டினால் முதல் தண்ணீரில் பாசி வாடை. ஆனயான் பெட்டில் பிரஷர் டிராப் 0.5 கிலோவிலிருந்து 1.1-க்கு ஏறிவிட்டது. மேல் மேன்ஹோலில் கை விட்டால் ரெசின் வழவழவென்று ஒட்டுகிறது. ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றலாம் என்கிறார். செய்யலாமா?

ரெசின்_காரர்:
வேண்டாம் சார், தயவுசெய்து ஊற்றவிடாதீர்கள். ரீஜெனரேட் ஆன கேட்டயான் பெட் முழுக்க அமிலத்தன்மை. அதில் பிளீச்சிங் கரைசல் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மிச்சம் பெட்டில் தங்கி அடுத்த ரீஜெனரேஷனில் எச்.சி.எல். வந்தாலும் அதே கதைதான். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் உண்டு. கால்சியம் ரெசினில் ஏறும், கரையாத சக்கை ஸ்டிரெய்னரை அடைக்கும். ஆனயான் குளோரினைத் தாங்கவே தாங்காது, உள்ளே வரும் தண்ணீரிலேயே 0.1 பி.பி.எம்.முக்குக் கீழ் இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு அதிகம், அதனால் தினமும் 4–5% ஆசிடும் காஸ்டிக்கும் பெட்டைக் கழுவின. கிருமி வளர நேரமே இல்லை. இப்போது தண்ணீரில் உப்பு குறைவு, பெட் பத்து நாள் தீராமல் கிடக்கிறது. கேட்டயான் வெளித்தண்ணீர் அமிலமாக இருப்பதால் அங்கே வளர்ச்சி மந்தம். ஆனயானும் மிக்ஸட் பெட்டும்தான் கூடு. கண்டக்டிவிட்டி மீட்டர் இதைக் காட்டாது. தீர்ந்தாலும் தீராவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை ரீஜெனரேஷன் என்று வைத்துவிடுங்கள். கெமிக்கல் செலவு கூடும்தான், ரெசின் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன்: கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் சாம்பிள் எடுத்தீர்களா?

எண்ணூர்_கெமிஸ்ட்:
அவர் கேட்டதுதான் முக்கியம். கார்பன் குளோரினைத் தின்றுவிடும், ஆர்கானிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிக்கு வீடும் சாப்பாடும் ஒரே இடத்தில். திங்கள் காலை ஒவ்வொரு வெசலுக்குப் பின்னும் டிப் ஸ்லைடு (கிருமி எண்ணும் பட்டை) போடுங்கள்: ஓட்டியவுடன் ஒன்று, பதினைந்து நிமிடம் கழித்து ஒன்று. இரண்டாவதில் எண்ணிக்கை படுத்துவிட்டால் பிரச்சினை தேங்கிய தண்ணீரில். குறையவே இல்லையென்றால் ரெசின் மணி மேலேயே படலம் கட்டிவிட்டது.

படலம் கட்டியிருந்தால் ஆனயானுக்குக் காரம் கலந்த உப்புக் கரைசல். 10% உப்பு, 2% காஸ்டிக், இரண்டு பெட் அளவு, அதாவது 360 லிட்டருக்கு உப்பு 36 கிலோ, காஸ்டிக் ஃபிளேக்ஸ் 7 கிலோவுக்குச் சற்று மேல். டி.எம். தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கடினத் தண்ணீரில் கரைத்தால் மெக்னீசியம் வெள்ளையாக வீழ்படிந்து பெட்டிலேயே உட்காரும். 35–40 டிகிரி போதும், எஃப்.ஆர்.பி.க்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முதலில் நல்ல பேக்வாஷ் (கீழிருந்து மேலாகத் தண்ணீர்), கட்டி உடைய ஏர் ஸ்கவர் (காற்று விட்டுக் கலக்குவது) இருந்தால் கொடுங்கள். பிறகு முதல் பாதியை மெதுவாகச் செலுத்தி வடியவிட்டு, அடுத்த பாதியை நாலு மணி நேரம் ஊறவிடுங்கள். டிரெய்ன் டீ டிகாஷன் நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், ஆர்கானிக் கழன்று வருகிறது. கழுவி முடித்து காஸ்டிக் இரட்டை டோஸ்.

கேட்டயானுக்கு பெராசெட்டிக் ஆசிட் 0.1%. 150 லிட்டர் கரைசலுக்கு 5% சரக்கு 3 கிலோ. அதற்கு முன் 10% உப்புக் கரைசல் விட்டு ரெசினைச் சோடியம் நிலைக்குக் கொண்டுவாருங்கள் (வெளிவருவது ஆசிட், நியூட்ரலைசேஷன் குழிக்குத்தான் போக வேண்டும்). ஒரு மணி நேரம் ஊறல், ஒரு மணி நேரம் மெதுவான ரின்ஸ், அப்புறம் அரை மணி வேகமான ரின்ஸ், பிறகு ரீஜெனரேஷன். போர் தண்ணீர் காலத்து இரும்பு ரெசினில் இருந்தால் அதை முதலில் 10% எச்.சி.எல்.லில் எடுத்துவிட்டுத்தான் இந்த வேலை. இரும்பு இருந்தால் பெராசெட்டிக் சரக்கிலுள்ள பெராக்சைடு ரெசினையே அரிக்கும். பெராசெட்டிக் கேனின் மூடி ஏர் விடும் மூடி, இறுக்கிக் கட்டாதீர்கள்.

சால்ட்_டேங்க்:
சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை மட்டும் நீக்குவது) மட்டும் வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதைப் படித்துக் குழம்ப வேண்டாம். சாஃப்ட்னர் சோடியம் நிலையில் இருக்கிறது, அங்கே ஆசிட் இல்லை, அதனால் சோடியம் ஹைப்போ (திரவ பிளீச்) போடலாம். ரெசின் லிட்டருக்கு 5% ஹைப்போ ஒன்றேகால் மில்லி. 200 லிட்டர் ரெசினுக்கு 250 மில்லி, உப்புத் தொட்டியில் ஊற்றி வழக்கமான ரீஜெனரேஷன், நன்றாக ரின்ஸ். வெயிலில் கிடந்த ஹைப்போ கேனில் லேபிள் போட்ட சதவீதம் இருக்காது, டைட்ரேட் பண்ணிப் பாருங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள். உப்புக்கு மேல் நிற்கும் நீர்த்த தண்ணீரில்தான் பச்சைப் பாசி வருகிறது.

மணலி_யுடிலிட்டி:
சாம்பிள் எடுத்தேன். கார்பனுக்குப் பின்னாலேயே டிப் ஸ்லைடு முழுக்க நிரம்பிவிட்டது, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் அப்படியே. ஆனயானிலும் அதேதான். பொங்கலுக்கு ஐந்து நாள் பிளாண்ட் நிற்கும், அதற்கு என்ன செய்வது?

எண்ணூர்_கெமிஸ்ட்:
கார்பனை மாற்றிவிடுங்கள், எஃப்.ஆர்.பி.யில் 80 டிகிரி வெந்நீர் விட முடியாது. புது கார்பனுக்குப் பின்னால் 254 நானோமீட்டர் யு.வி. விளக்கு ஒன்று (கிருமியைக் கொல்ல), தினசரி பேக்வாஷ். ஐந்து நாளுக்கு உப்பில் ஊறப்போட வேண்டியதில்லை. மிக்ஸட் பெட் வெளித்தண்ணீரை ஃபீட் டேங்குக்குத் திருப்பும் லைன் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் டைமரில் சுற்றவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தினால்தான் 10% உப்பு, அதுவும் கேட்டயான், ஆனயான் தனித்தனியாக. திரும்ப எடுக்கும்போது 5% உப்பு விட்டு அப்புறம் தண்ணீர். நேரே தண்ணீர் விட்டால் ரெசின் மணி வெடிக்கும்.