1/35 கேவி-2 டேங்கை அறுத்து 28 மி.மீ. ஆட்டத்துக்கு இறக்கலாமா?

துருவேறி:
28 மி.மீ. சிப்பாய்ப் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடும் எதிர்காலப் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000 ஆட எனக்கு ஒரு கனரக டேங்க் வேண்டும். அதற்கென்றே விற்கும் அசல் கிட்டின் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் பொம்மை) விலையைப் பார்த்துவிட்டுக் கடைப் பக்கத்தை மூடிவிட்டேன். அலமாரியில் மூன்று வருஷமாக ஒரு 1/35 கேவி-2 கிட், அதாவது நிஜ டேங்கில் 35-ல் ஒரு பங்கு அளவு, தூங்குகிறது. சோவியத்காரன் 1940-லேயே சங்கிலிச் சக்கரத்தின் மேல் பீரோவை ஏற்றி, அதில் 152 மி.மீ. குழாயைச் சொருகியிருக்கிறான். இதைவிட எதிர்கால டேங்க் வேறு எங்கே கிடைக்கும்? இரண்டு பக்கமும் துப்பாக்கிக் கூண்டு வைத்து, பின்னால் புகைக்குழாய் நட்டால் வேலை முடிந்தது.

அடிஸ்கேல்:
முடியாது நண்பரே. 28 மி.மீ. என்பது ஏறக்குறைய 1/56. நிஜ கேவி-2 கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். 1/56-ல் பன்னிரண்டரை செ.மீ. வரவேண்டியது, உங்கள் கிட்டில் 20 செ.மீ. வரும். உயரம் 9 செ.மீ.க்கு மேல். இந்த ஆட்டத்தில் யார் யாரைச் சுடலாம் என்ற பார்வைக்கோடு பொம்மையின் அளவை வைத்துத்தான். எதிராளி மேசையின் எந்த மூலையிலிருந்தும் உங்களைச் சுடலாம். நீங்களோ ஒரு முழுப் படையை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம். இரண்டுமே சண்டையில் முடியும். 1/48 வாங்குங்கள், பதினாலரை செ.மீ.தான்.

துருவேறி:
பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விடுங்கள், ஹேட்ச்சைப் பாருங்கள். அரை மீட்டர் அகல மூடி 1/48-ல் பத்தரை மி.மீ., 1/35-ல் 14. என் சிப்பாயின் தோளை இப்போதுதான் அளந்தேன், 13. உயரத்தில் அவன் 1/56, தோளிலும் தலையிலும் பயில்வான். உங்கள் 1/48 டேங்குக்குள் அவன் இறங்கவே முடியாது. வெளியே நின்று கதவைத் தட்டவேண்டியதுதான்.

பழைய கவசம்:
ஹேட்ச் கிடக்கட்டும். ஒரு நல்ல வரலாற்றுக் கிட்டை ரம்பத்தால் அறுக்க எப்படி மனசு வருகிறது? அந்த ரிவெட் வரிசைக்காக அச்சு செதுக்கியவர் என்ன பாடுபட்டிருப்பார்! பொம்மைச் சண்டைக்கு டப்பாவை வெட்டி ஒட்டினால் போதாதா?

ஸ்ப்ரூ பொறுக்கி:
கவசம் அண்ணே, டப்பாவும் நடந்த கதைதான். 1980-களில் வார்ஹாமர் கம்பெனியின் பத்திரிகையே டியோடரன்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டேங்க் செய்யக் கற்றுக்கொடுத்தது. இன்று அதே கம்பெனியின் போட்டிகளில் அவர்கள் பொம்மை தவிர வேறெதுவும் மேசை ஏறாது. அதனால் துருவேறி, இது நண்பர்கள் வட்டத்துக்கு மட்டும், நினைவிருக்கட்டும். கிட்டை அறுப்பது பாவம் என்றால் 1977-ல் ஸ்டார் வார்ஸ் விண்கலங்களைச் செய்தவர்கள் எல்லாருமே பாவிகள். அந்தக் கலங்களின் மேல் ஒட்டியிருப்பதில் டேங்க் கிட் துண்டு எவ்வளவு என்று பாருங்கள்.

அடிஸ்கேலுக்கு ஒன்று. ஜப்பானிய மாடல் கம்பெனி டாமியாவின் 1/48 வரிசையில் ஆரம்பக் கிட்கள் பலவற்றில் அடிப்பாகம் உலோக வார்ப்பு. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டும், உலோகத்தில் அதன் வேலை நடக்காது. சூப்பர் க்ளூதான். அறுப்பதும் லேசான வேலை இல்லை. வாங்கும்முன் விசாரியுங்கள்.

துருவேறி, உங்களைக் காட்டிக்கொடுக்கப்போவது ஹேட்ச் அல்ல, டேங்கின் மேல் ஒட்டியிருக்கும் மண்வெட்டி. 1.1 மீட்டர் மண்வெட்டி 1/35-ல் 31 மி.மீ. உங்கள் சிப்பாயும் அதே உயரம். பக்கத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள். மண்வெட்டி, ரம்பம், கைப்பிடி, இழுவைக் கம்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஓட்டுநர் பார்க்கும் ஜன்னலை ஸ்டைரீன் தகடால் மூடி, அதில் பாதி அளவில் புதிதாக ஒன்று வையுங்கள். ஹேட்ச்சை மட்டும் தொடாதீர்கள்.

அடிஸ்கேல்:
மண்வெட்டிக் கணக்கு சரி. ஹேட்ச்சையும் ஒப்புக்கொள்கிறேன். உயரத்தை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். டர்ரட்டில், அதாவது பீரங்கி உட்கார்ந்திருக்கும் அந்தப் பீரோவில், இரண்டு செ.மீ. குறைத்தால் என் வாயை மூடிக்கொள்கிறேன்.

துருவேறி:
குறைத்தால் பீரோ டிரங்குப் பெட்டி ஆகிவிடும். அந்த உயரத்துக்காகத்தான் இந்த டேங்கே.

ஸ்ப்ரூ பொறுக்கி:
நடுவில் வெட்டாதீர்கள். அடியிலிருந்து ஒரு செ.மீ. மட்டும் எடுங்கள், மேலே உள்ள ரிவெட்கள் தப்பிக்கும். முகம் மாறாது. மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி அதன் ஓரமாகவே ரம்பத்தை ஓட்டுங்கள். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் சூடாகி இளகிப் பல்லில் அப்பிக்கொள்ளும்.

துருவேறி:
நேற்று ராத்திரியே வெட்டிவிட்டேன். ஒரு செ.மீ.தான். இடது பக்கம் கோணிவிட்டது, பின்பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறேன், காய்ந்ததும் உப்புத்தாள். டேப் விஷயத்தை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

பழைய கவசம்:
மிச்சமான அந்த மண்வெட்டி, இழுவைக் கம்பி எல்லாம் தூக்கிப்போடாதே தம்பி. என்னிடம் ஒரு டி-34 பாதியில் நிற்கிறது.