ஸ்டேப்பிள் கன்: அடிக்கும் பின் பாதியிலேயே நிற்கிறது, இப்போது அடைத்தும் கொண்டது. உதவி தேவை

ஊசிநூல்:
சாப்பாட்டு மேசை நாற்காலிகள் ஆறுக்கும் புது ரெக்சின் போடலாம் என்று, கையால் அழுத்தும் ஸ்டேப்பிள் கன் (மரத்தில் பின் அடிக்கும் கருவி) ஒன்றை வாங்கினேன். தையல் நன்றாக வரும். மரவேலை இதுதான் முதல் தடவை. இருக்கைப் பலகையின் அடிப்பக்கத்தில் ரெக்சினை மடித்து அடிக்கிறேன். பத்துப் பின்னில் ஏழு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. சில, கால் மடங்கிப் படுத்துவிடுகின்றன. பின்தான் மெலிசு போலிருக்கிறது என்று தடித்த கம்பியில் வேறொரு பெட்டி வாங்கிப் போட்டேன். நான்காவது அழுத்தலிலேயே அடைத்துக்கொண்டது. இப்போது ‘டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, பின் வருவதில்லை. கருவி மட்டமா, என் கையில்தான் பலம் போதவில்லையா? ஐந்து நாற்காலிகள் தோலுரித்தபடி கிடக்கின்றன, வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

மின்னல்வேகம்:
கைக் கருவியோடு மல்லுக்கட்டாதீர்கள். மின்சாரத்தில் ஓடுவதை வாங்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இழைப்புளி:
ஆறு நாற்காலிக்கு அதெல்லாம் எதற்குத் தம்பி? கொசு அடிக்க உலக்கையா? அதில் தவறான பின்னைப் போட்டாலும் இதே கதைதான்.

ஊசிநூல், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கருவியின் அடியிலோ பக்கத்திலோ பொறித்திருக்கும் எண் என்ன? இரண்டு பெட்டிகளிலும் அச்சிட்டிருக்கும் எண்ணும் கால் நீளமும் என்ன? பலகையின் கனம் எவ்வளவு?

ஊசிநூல்:
கருவியில் 53 என்றும் 6–14 மி.மீ. என்றும் இருக்கிறது. அதோடு வந்த பெட்டியில் 53/14. நான் வாங்கியதில் 140/10. பலகை 12 மி.மீ. கனம், கையில் எடுத்தால் நல்ல கட்டி.

இழைப்புளி:
பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது அம்மா.

53 என்பது மெலிந்த கம்பிப் பின். அகலம் சுமார் 11.4 மி.மீ. 140 தடித்த கம்பி. அகலம் சுமார் 10.6 மி.மீ. இரண்டாவதைப் போட்டதும் அகலம் குறைவென்பதால் உள்ளே நுழைந்திருக்கும், அதனால் பொருந்திவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் மூக்கில் பின் வெளியேறும் இடுக்கு மெலிந்த கம்பிக்காக வெட்டியது. தடித்தது அங்கே சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அடைப்புக்குக் காரணம் அதுதான்.

முதல் பெட்டியின் குற்றம் நீளம். மெலிந்த கம்பியில் 14 மி.மீ. கால் கட்டியான ப்ளைவுட்டில் இறங்குவதற்குள் வளைந்துவிடும். முழுதாக இறங்கிய அந்த மூன்று என்ன ஆயின என்று யோசித்தீர்களா? 14-இல் ரெக்சினுக்கு 1 போனால் 13. பலகை 12. முடித்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாதீர்கள்!

53/8 வாங்குங்கள். ரெக்சின் போக 7 மி.மீ. மரத்தைப் பிடிக்கும், அதற்கு மேல் தேவையில்லை. மூலையில் மடிப்பு மூன்று நான்கு அடுக்கு வரும், அங்கே மட்டும் 53/10.

பழைய திருப்புளி:
பின் விவரத்தில் அண்ணன் சொன்னது சரி. அடைப்பை எடுப்பது பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கையைக் குத்திக்கொள்கிறார்கள். முதலில் கைப்பிடியை மடக்கிக் கொக்கி மாட்டுங்கள். பின்பக்கம் இருக்கும் தள்ளுகம்பியை உருவி, மிச்சப் பின்களைக் கொட்டிவிடுங்கள். சிக்கியதை மெல்லிய மூக்குக் குறடால் மூக்கு வழியாகவே இழுங்கள். உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பார்க்காதீர்கள். உடம்பைக் கழற்றவே வேண்டாம், உள்ளே இருக்கும் சுருள்வில் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், கைப்பலம். வெடுக்கென்று அழுத்தினால் பலமாக அடிக்கும் என்று எண்ணுகிறோம். அப்படியில்லை. கைப்பிடி செய்வது வில்லைச் சுருக்குவது மட்டும். ஒரு கட்டத்தில் அது தானாக விடுபட்டு அடிக்கும். மெல்ல அழுத்தினாலும் அதே அடிதான். அடி வீணாவது வேறு இடத்தில்: வில் விடுபடும்போது கருவி பின்னுக்கு எகிறும், மூக்கு மரத்தை விட்டு மயிரிழை எழும், அந்த அளவு பின் வெளியே நிற்கும். இடது உள்ளங்கையை மூக்கின் தலைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு, வலது கையால் நிதானமாக அழுத்துங்கள். மேலே திருகு இருந்தால் இறுக்கிப் பாருங்கள். அடியின் பலம் கூடும்.

இன்னொரு கருவி வாங்க நேர்ந்தால் கைப்பிடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று கவனியுங்கள். பழைய வகையில் கீல் முன்னால், அழுத்தம் பின்னால் விழும், மூக்கு தூக்கும். கீல் பின்னால் இருப்பதில் உங்கள் பிடியே மூக்கை அமுக்கிக்கொடுக்கும். சிறிய கைக்கு அதுதான் இதம்.

மஞ்சள்குடை:
இடையில் ஒரு கேள்வி. இதே கருவியால் சுவர் ஓரமாகப் போகும் மின்கம்பியை மரச்சட்டத்தில் அடிக்கலாமா?

பழைய திருப்புளி:
கூடாது. தட்டையான பின், மின்கம்பியின் உறையை நசுக்கும், கால் குத்தினால் ஆபத்து. கம்பிக்கென்றே வளைந்த தலைப் பின்னும் அதற்கான கருவியும் உண்டு.

ஊசிநூல்:
அடைப்பு எடுத்தாயிற்று. இரண்டு பின் பின்னிப் பிணைந்து கிடந்தன. முடித்த நாற்காலியைக் கையால் தடவினேன். ஃபோமுக்குள் நான்கு முனைகள் சுருக்கென்றன. தட்டைத் திருப்புளியால் நெம்பி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். 53/8 கிடைத்தது. ஒரு சட்டத்துண்டில் இருபது அடித்துப் பார்த்தேன், பதினெட்டு முழுதாக இறங்கின. ஆனால் ரெக்சின் ஒரு பக்கம் அலையலையாக நிற்கிறது.

இழைப்புளி:
ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே அடித்துக்கொண்டு போயிருப்பீர்கள். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று முதலில். எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து, நடுவிலிருந்து மூலை நோக்கி இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் அடியுங்கள். மூலை கடைசி. அந்த முதல் நான்கை மட்டும் கருவியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அடியுங்கள். துருத்தி நிற்கும், இழுவை சரியில்லையென்றால் பிடுங்குவது சுலபம். இவ்வளவு நேரம் உங்களைப் படுத்திய கோளாறு இங்கே உதவிக்கு வருகிறது!

ஊசிநூல்:
இரண்டு நாற்காலி முடிந்தது. மூலையில் மட்டும் ஒன்றிரண்டு மயிரிழை நிற்கின்றன, சுத்தியலால் தட்டிவிட்டேன். மீதி நான்கு நாளைக்கு, உள்ளங்கை வலிக்கிறது.