விலை உயர்ந்த பெர்ஃப்யூம் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா: சீல் பிரிக்கும் முன் எதைப் பார்ப்பது?

புதுமூக்கு:
பெரிய பிராண்டு ஒன்றின் 100 மி.லி. ஓ டி பர்ஃபம் (வாசனை எண்ணெய்ச் செறிவு கூடிய வகை), இன்னும் சீல் பிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் கோடை (தயாரிப்புத் தொகுதி எண்) இணையதளத்தில் போட்டால் 2023 தயாரிப்பு என்று வருகிறது. பார்கோடு 3-இல் தொடங்குகிறது. மேலே சுற்றிய செலோபேன் மட்டும் கொஞ்சம் தளர்வு. பிரித்துவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரிக்காமல் எவ்வளவு தூரம் உறுதி செய்யலாம்? குலுக்கினால் நுரை நிற்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

அத்தர்க்குப்பி:
நுரைக் கதையை முதலில் தூக்கிப் போடுங்க. நுரை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உள்ளே இருக்கும் ஆல்கஹால், தண்ணீர், வாசனை எண்ணெய் ஆகியவற்றின் கலவையைப் பொறுத்தது. ஒரிஜினலில் உடனே அடங்கலாம், டூப்ளிகேட்டில் பத்து நொடி நிற்கலாம்.

பேட்ச் கோடு சரியாக வந்ததும் பெரிய ஆறுதல் இல்லை. போலி அடிப்பவர்கள் அசல் பெட்டி ஒன்றின் கோடை அப்படியே எடுத்து எல்லாப் பெட்டியிலும் அச்சடித்துவிடுவார்கள். அந்தத் தளங்கள் எண்ணின் அமைப்பை வைத்துத் தேதி சொல்கின்றன, அவ்வளவுதான்.

பார்கோடில் 300 முதல் 379 வரை பிரான்சில் பதிவான எண்கள், 800 முதல் 839 வரை இத்தாலி. இது எண் பதிவான இடம், தயாரான இடம் அல்ல. அதனால் 'மேட் இன் பிரான்ஸ்' பெட்டியில் வேறு எண் இருந்தாலே போலி என்று சொல்ல முடியாது. வேண்டுமானால் கடைசி இலக்கத்தைச் சரிபாருங்க: முதல் 12 இலக்கங்களில் 1, 3, 5, 7, 9, 11-ஆம் இடத்தில் இருப்பவற்றைக் கூட்டுங்க. 2, 4, 6, 8, 10, 12-ஆம் இடங்களின் கூட்டலை 3-ஆல் பெருக்கி அதோடு சேருங்க. வரும் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவையான எண்தான் 13-ஆவது இலக்கம். பொருந்தவில்லை என்றால் பெட்டி நிச்சயம் தப்பு. பொருந்தினால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை.

செலோபேன் பொதுவாகச் சூடு வைத்து ஒட்டப்படுவது. மடிப்பில் பசைத் தடம் இருக்கக் கூடாது. அதே சமயம் பல பிராண்டுகள் செலோபேனையே நிறுத்திவிட்டன, எனவே இல்லாததும் குற்றமில்லை. தளர்வை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க.

பிரிக்காமல் பார்க்கக்கூடியதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல். பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோபியோனால் (வழக்கில் லிலியல்) என்ற வாசனைப் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை. ஐரோப்பிய பிராண்டின் பெட்டி 2023 தயாரிப்பு என்கிறது, பட்டியலில் லிலியல் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். போலி அச்சடிப்பவர்கள் பழைய பெட்டியின் பட்டியலை மாற்ற மறந்துவிடுவார்கள்.

புதுமூக்கு:
பார்த்துவிட்டேன், பட்டியலில் லிலியல் இருக்கிறது! பார்கோடு கணக்கு சரியாக வருகிறது. அப்படியானால் போலிதானா?

வடிகலம்:
அவசரப்படாதீங்க. அத்தர்க்குப்பி சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பல பிராண்டுகளின் பேட்ச் கோடில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும்தான் இருக்கும். 3 என்றால் 2023 ஆகவும் இருக்கலாம், 2013 ஆகவும் இருக்கலாம். தளம் கிட்ட இருக்கும் ஆண்டைச் சொல்லிவிடும். உங்களிடம் இருப்பது பத்து வருடப் பழைய அசல் சரக்காகவும் இருக்கலாம். அந்த மணத்தின் பெட்டி வடிவமைப்பு எப்போது மாறியது என்று பாருங்க. இப்போதைய வடிவப் பெட்டியில் பழைய பட்டியல் இருந்தால் போலி என்ற சந்தேகம் வலுவானது. பழைய வடிவமே என்றால் கதை வேறு.

பிரிப்பதென்று முடிவெடுத்தால், முதலில் ஆறு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்க. பிறகு பாட்டிலின் அடிப்பாகம்: பெட்டியில் உள்ள அதே கோடு அங்கேயும் இருக்க வேண்டும், பொறித்தோ மையால் அச்சிட்டோ. விரலால் தேய்த்ததும் வரும் மை நல்ல அறிகுறி அல்ல. அடுத்து ஸ்ப்ரே குழாய். பல உயர்ரக பாட்டில்களில் அது திரவத்துக்குள் கண்ணுக்கே தெரியாத அளவு தெளிவாக, அடிமூலை வரை சரியான நீளத்தில் இருக்கும். தடித்த, பால்நிறக் குழாய் அடியில் மடங்கிக் கிடந்தால் சந்தேகப்படலாம். 15 செ.மீ. தள்ளிக் காகிதத்தில் அடித்தால் மென்தூவலாக விழ வேண்டும். துளித்துளியாகத் தெறித்தால் மட்டமான பம்ப்.

கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைக் கவனமாகப் பாருங்க. பெரும்பாலானவற்றில் அது இறுக்கி அமுக்கப்பட்டது, சுற்றக் கூடாது. வளையத்தில் இடுக்கித் தழும்பு இருந்தால் அசல் பாட்டிலில் வேறு சரக்கு நிரப்பியிருக்கலாம். இந்த வகைதான் தலைவலி, ஏனென்றால் கண்ணாடி, மூடி, கோடு எல்லாமே உண்மை. திருகுக் கழுத்து வைத்த, மறுபடி நிரப்பத்தக்க மாடல்களில் தழும்புகூட இருக்காது.

நிறம் கருத்திருப்பதை நம்ப வேண்டாம். வனிலின் (வெனிலா மணப்பொருள்) சேர்ந்த மணங்கள் நாளடைவில் பழுப்பாகத்தான் செய்யும்.

புதுமூக்கு:
எடை போட்டுப் பார்க்கலாமா? மணத்தை எப்படி ஒப்பிடுவது?

அத்தர்க்குப்பி:
ஆண்டு விஷயத்தில் வடிகலம் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

எடை உதவும், ஆனால் 100 மி.லி. என்றால் 100 கிராம் என்று எண்ணாதீங்க. ஆல்கஹாலின் அடர்த்தி 0.79தான், திரவம் மட்டும் 80 முதல் 90 கிராமுக்குள் இருக்கும். அதே அளவு அசல் பாட்டில் ஒன்றோடு ஒப்பிட்டால்தான் பயன். சில கிராம் வித்தியாசம் கண்ணாடி வார்ப்பிலேயே வரும். 20, 30 கிராம் குறைந்தால் கண்ணாடி மெலிது, அல்லது மூடி உலோகத்துக்குப் பதில் முலாம் பூசிய பிளாஸ்டிக்.

மணத்துக்கு நம்பகமான கடையில் அதே பெயர், அதே செறிவு உள்ள டெஸ்டரைக் காகிதப் பட்டையில் அடித்து வாங்கிக்கொள்ளுங்க. உங்களுடையதிலும் ஒரு பட்டை, இரண்டும் ஒரே நேரத்தில் அடித்ததாக இருக்கட்டும். பின்பக்கம் மட்டும் குறியிட்டு, எது எது என்று தெரியாமல் 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 6 மணி என்று முகருங்க. முதல் ஐந்து நிமிடத்தில் போலியும் அசலும் நெருங்கித்தான் இருக்கும். வாங்குபவர் அவ்வளவு நேரம்தான் முகர்வார் என்று அதற்கே காசு செலவழிக்கிறார்கள். பிரிவு தெரிவது அரை மணிக்கு மேல்: போலி தட்டையாகி, வெறும் இனிப்போ ஆல்கஹால் காரமோ மிஞ்சும். எலுமிச்சை வகை மேல்மணம் அரை மணிக்குள் மறைவது இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம். சில மஸ்க் (கஸ்தூரி வகை) மூலக்கூறுகள் சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது, அதனால் இன்னொருவரையும் முகரச் சொல்லுங்க.

வடிகலம்:
உங்களுடையது 2013 சரக்கு என்று தெரியவந்தால் இந்த ஒப்பீட்டிலும் வித்தியாசம் வரும். லிலியலை எடுத்தபோது கலவையையே மாற்றியிருப்பார்கள். சீராக வேறுபடுகிறதா, இடையில் சிதைகிறதா என்பதைத்தான் அப்போது கவனிக்க வேண்டும். அதுவரை தோலில் அடிக்காதீங்க, போலிகளில் மெத்தனால் கலந்தவையும் உண்டு.