புதுப்பிப்பு: காம்பன்சேட்டர் இருந்தும் உதைக்கும் 9 மி.மீ. பிஸ்டல்

அலுமினிய ஃப்ரேம் பிஸ்டலில் காம்பன்சேட்டர் (உதைப்பைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் கருவி) மாட்டியும் உதைப்பு குறையவில்லை, ஒவ்வொரு சூட்டுக்கும் குறிபார்க்கும் சிவப்புப் புள்ளி சைட்டின் கண்ணாடியை விட்டே மேலே போய்விடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது.

முக்கியக் காரணம் தோட்டாதான். நான் சுட்டது 147 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு. காம்பன்சேட்டர் வேலை செய்வதே வாயுவை மேல்நோக்கிப் பீய்ச்சி, குழல்முனையைக் கீழே அழுத்தித்தான். கனமான குண்டுக்கு வெடிமருந்து குறைவு, வாயுவும் குறைவு. 115 கிரெயினுக்கு மாறினேன். நொடிக்கு 1,140 அடி வேகத்தில் பவர் ஃபேக்டர் (குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண்) 131. துப்பாக்கிப் போட்டிகளில் மைனர் பிரிவுக்குத் தேவையான 125-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. புள்ளி இப்போது கண்ணாடிக்குள்ளேயே நிற்கிறது. சத்தம் மட்டும் கூடிவிட்டது, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு போடுங்கள்.

அப்புறம், பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ஸ்பிரிங். பலம் குறைந்ததாக மாற்றியதும் ஸ்லைடு மூடும்போது முனை கீழே குத்துவது நின்றது. ஆனால் ஒரு படி கூடுதலாகக் குறைத்தபோது ஸ்லைடு முழுதாக மூடவில்லை; உடனே பழைய படிக்குத் திரும்பினேன். நம்பகத்தன்மையை விட்டுக்கொடுத்து மென்மை வேண்டாம்.

பித்தளை மேக்வெல் (மேகசின் செருகும் வாயில் மாட்டும் துண்டு) போட்டதில் எடை கூடி, கொஞ்சம் பலன். இடதுகைப் பிடியை இறுக்கச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி, அது உண்மையிலேயே உதவியது.